சால்மன் மீனும் எமது சமையலறையும்

புலம்பெயர்ந்து அவுஸ்திரேலியாவில் வாழும் எமது குடும்பங்களின் சாப்பாட்டு மேசையில் மெல்ல மெல்ல ஒரு மாற்றம் நடந்து வருகின்றது. சோறு இருக்கின்றது, புட்டும் இடியப்பமும் இருக்கின்றன, இறைச்சிக் கறி முன்னரிலும் பார்க்கக் கூடுதலாகவே இருக்கின்றது. ஆனால் மீன் குறைந்துவிட்டது. ஊரில் கிழமையில் நாலைந்து நாள் மீன் உண்டு வளர்ந்த நாம், இங்கே கிழமைக்கு ஒரு நாள் மீன் சமைப்பதையே பெரிய காரியமாக எண்ணுகிறோம். பிள்ளைகளோ முள் இருக்கின்றது, வெடுக்கு அடிக்கின்றது என்று காரணம் சொல்லி, பொரித்த கோழித் துண்டுகளுக்கும் சொசேஜுக்கும் பழகிவிட்டார்கள்.

இதை வெறும் ருசிப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. நீரிழிவும் இதய நோயும் தெற்காசிய மக்களாகிய எம்மை ஏனைய இனத்தவரிலும் பார்க்கக் கூடுதலாகவும், இளம் வயதிலேயும் தாக்குகின்றன என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த விடயம். அவுஸ்திரேலிய அரசின் நீரிழிவு அபாயக் கணிப்புப் படிவத்திலே, இந்திய உபகண்டம் உட்பட ஆசியாவில் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடத்துக்காக மட்டும் 2 புள்ளிகள் சேர்க்கப்படுகின்றன. ஆசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் இடுப்பளவிலிருந்தே அப்படிவம் அபாயப் புள்ளிகளைக் கூட்டத் தொடங்குகின்றது. நாற்பது வயதில் நெஞ்சுவலியோடு வைத்தியசாலைக்குப் போன ஒருவரையாவது அறியாத தமிழ்க் குடும்பம் சிட்னியிலோ மெல்பேர்ணிலோ இருக்குமா என்பது சந்தேகமே.

ஆகவே மீன் எமது மேசைக்குத் திரும்பி வர வேண்டும் என்பது எமது கருத்து. இந்த நாட்டிலே அதற்கு மிக இலகுவான வழி, எந்தக் கடையிலும் கிடைக்கின்ற, பெரிய முள் அகற்றப்பட்டு வருகின்ற சால்மன் மீன். ஆனால் அதை நாம் சமைக்கும் முறையை மாற்றாவிட்டால் செலவழித்த பணத்துக்குரிய பலன் கிடைக்காது. மீன் எது என்பதைப் போலவே, அது எப்படிச் சமைக்கப்படுகின்றது, எதனுடன் உண்ணப்படுகின்றது என்பதும் முக்கியம். இதை வலியுறுத்தவே இக்கட்டுரை.

எது சால்மன்?

இலங்கையிலிருந்து வந்த எம்மில் பலருக்குச் 'சமன்' என்ற சொல் புதிதல்ல. கடையில் வாங்கிய ரின்மீனைத்தான் பலர் அப்படி அழைத்தோம். பாணுக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் துணையாக வந்த அந்த ரின்னுக்குள் இருந்தது பெரும்பாலும் மக்கரல் என்ற வேறு மீன். உண்மையான சால்மன் குளிர்ந்த நீரில் வாழ்வது. எமது கடல்களில் அது கிடையாது.

அவுஸ்திரேலியாவுக்கும் அது வந்தேறிய மீன்தான். 1864ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து சால்மன் முட்டைகளையும் ட்ரவுட் முட்டைகளையும் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் இடையில் பொதிசெய்து, கப்பலில் தஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ட்ரவுட் இந்நாட்டு ஆறுகளில் நிலைத்துவிட்டது. சால்மன் குஞ்சுகளோ கடலுக்குப் போயின, திரும்பி வரவில்லை. நூறு ஆண்டுகளின் பின்னர், 1960களில், கனடாவின் நோவா ஸ்கோசியாவிலிருந்து பெறப்பட்ட முட்டைகள் நியூ சவுத் வேல்ஸில் பொரிக்கப்பட்டன. அந்த வம்சத்திலிருந்து 1980களில் தஸ்மேனியாவில் சால்மன் பண்ணைகள் தொடங்கின. இன்று கோல்ஸ், வூல்வேர்த்ஸ் போன்ற கடைகளில் நாம் பச்சையாக வாங்கும் சால்மன் பெரும்பாலும் இந்தத் தஸ்மேனியக் கடற்பண்ணைகளில் வளர்ந்ததே.

இங்கே ஒரு பெயர் மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மீன்சந்தைகளில் 'அவுஸ்திரேலியன் சால்மன்' என்ற பெயரில் மலிவாக ஒரு மீன் விற்கப்படும். அது இந்நாட்டுக் கடலில் வாழும் வேறு இனம். அதன் தசை தஸ்மேனிய சால்மனின் நிறத்தில் இராது, மீன்வாசனையும் சற்றுக் கூட. அது கூடாத மீன் அல்ல. பழப்புளி விட்டு வைக்கும் எமது குழம்புக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் கீழே நாம் சொல்லும் முறைகள் தஸ்மேனிய சால்மனுக்கு உரியவை.

இதில் என்ன இருக்கின்றது?

சால்மன் கொழுப்பு மீன். கொழுப்பு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கொழுப்பிலே ஒமேகா-3 எனப்படும் கொழுப்பமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டும் இதயத்துக்கு நன்மை தருபவை என்று கருதப்படுகின்றன. கிழமைக்கு 2 தொடக்கம் 3 தடவை மீன் உண்ணும்படி அவுஸ்திரேலிய ஹார்ட் ஃபவுண்டேஷன் சொல்கின்றது. அதன்படி ஒரு நாளைக்கு 250 தொடக்கம் 500 மில்லிகிராம் வரையிலான இந்த ஒமேகா-3 எமக்குப் போதும். 150 கிராம் சால்மன் துண்டொன்றில் 1 கிராமுக்கு, அதாவது 1000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். எனவே கிழமையில் இரண்டு நாள் உண்டால் தேவை பெருமளவுக்கு நிறைவேறிவிடும். அத்துடன் நல்ல புரதமும், வைற்றமின் டி, பி12 ஆகியனவும் கிடைக்கின்றன.

ஆனால் சால்மன் ஒன்றுதான் இதற்கு வழி என்று எவரும் எண்ண வேண்டாம். எமது அப்பப்பாவும் அம்மம்மாவும் உண்ட சாளை, சூடை, கும்பளா எல்லாம் இதே நன்மையைத் தருகின்ற மீன்கள்தாம். ஏழைகளின் மீன் என்று சொல்லப்பட்ட சாளையிலே எவரும் குறை சொல்ல முடியாத அளவு ஒமேகா-3 உண்டு. இங்கு பிறந்த பிள்ளைக்குச் சாளையின் முள்ளை ஆய்ந்து உண்ணத் தெரியாது, சால்மனை அது மறுக்காமல் உண்ணும் என்பதே சால்மனுக்கு உள்ள பெரிய சிறப்பு.

நாம் எங்கே பிழைவிடுகிறோம்?

எமது வீடுகளில் மீன் பெரும்பாலும் இரண்டு விதமாகவே சமைக்கப்படுகின்றது. ஒன்று, எண்ணெய் கொதிக்கக் கொதிக்க மொறுமொறுவெனப் பொரிப்பது. மற்றையது, குழம்பில் நெடுநேரம் கொதிக்க விடுவது. அறக்குளா, பாரை போன்ற இறுகிய மீன்கள் இரண்டையும் தாங்கும். சால்மன் தாங்காது. கொதித்தால் உடைந்து குழம்போடு கரைந்துவிடும். பொரித்தால் வறண்டு சக்கையாகும். பிறகு 'சால்மனில் ருசி இல்லை' என்று மீனைக் குறை சொல்கிறோம்.

ருசி மட்டுமல்ல, நன்மையும் சமையலில் தங்கியிருக்கின்றது. 2003ஆம் ஆண்டு 'சேர்க்குலேஷன்' என்ற மருத்துவ சஞ்சிகையில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடத்தப்பட்டது அது. சூரை வகை மீனையும், ஓவனில் வேகவைத்த அல்லது வாட்டிய மீனையும் அடிக்கடி உண்டவர்களிடையே இதய நோயால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது. பொரித்த மீனையும், மீன் வைத்த சான்ட்விச்சையும் உண்டவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை. இத்தகைய ஆய்வு ஒன்று மட்டும் எதையும் முடிந்த முடிவாக நிரூபித்துவிடாது. எனினும் 'நாங்கள் மீன் சாப்பிடுகிறோம், ஆகவே பயமில்லை' என்று ஆறுதல் அடைபவர்கள், அந்த மீன் எந்தத் தாச்சியிலிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல்நாள் பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்து, மறுபடியும் மறுபடியும் பாவிக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றது. அதை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது, சோற்றின் அளவு. கோப்பை நிறையச் சோற்றைக் குவித்து, அதன் ஓரத்தில் விரலளவு மீன் துண்டை வைப்பது எமது வழக்கம். ஊரில் வயலிலும் கடலிலும் வேலை செய்தவருக்கு அது சரி. காரில் போய், கணினிக்கு முன்னால் இருந்து, காரில் திரும்பி வருபவருக்கு அது பொருந்தாது. சால்மன் சமைக்கும் நாளிலாவது கோப்பையைக் கணக்கு மாற்றி நிரப்பிப் பாருங்கள். அரைவாசி மரக்கறி, கால்வாசி மீன், மிகுதிக் கால்வாசி சோறு அல்லது சிவப்பரிசிப் புட்டு. மாவுச்சத்தே இல்லாத உணவு மீன். அதைக் கூட்டிச் சோற்றைக் குறைப்பது நீரிழிவு உள்ளவருக்கு இரட்டை நன்மை.

வீட்டில் செய்யக்கூடிய ஐந்து முறைகள்

எமது சரக்குத்தூளையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டு வெள்ளைக்காரர் போலச் சமைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெயையும் நேரத்தையும் குறைத்தால் போதும். சால்மனில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் நாம் ஊற்ற வேண்டியது மிகச் சிறிதளவே. கீழுள்ள அளவுகள் 150 கிராம் அளவான துண்டுகளுக்கு உரியவை.

1. தாச்சியில் வாட்டுதல். தோலுடன் உள்ள துண்டை வாங்குங்கள். கடதாசித் துவாயால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் தோல் மொறுமொறுப்பாக வராது. விரலால் தடவிப் பார்த்து, சிறு முட்கள் தட்டுப்பட்டால் இடுக்கியால் இழுத்து எடுங்கள். உப்பு, மஞ்சள், மிளகு, சிறிது மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தசைப் பக்கத்தில் மட்டும் பூசுங்கள். தோலில் பூசினால் தூள் கருகிவிடும். ஒட்டாத தாச்சியில் 1 தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நடுத்தரச் சூட்டில் தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். 4, 5 நிமிடம் அசைக்க வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தால் கீழிருந்து மேலாக நிறம் வெளிறிக்கொண்டு வருவது தெரியும். முக்கால்வாசி உயரத்துக்கு வந்ததும் திருப்பி, இன்னும் 1, 2 நிமிடத்தில் இறக்கி, தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். வேலைக்குப் போய்வந்த களைப்பிலும் கால் மணித்தியாலத்துக்குள் செய்யக்கூடியது இது.

2. ஓவனில் பொதி. அலுமினியத்தாளை விரித்து அதன்மேல் பேக்கிங் தாள் ஒன்றை வையுங்கள். புளி நேரடியாக அலுமினியத்தில் படாமல் இருக்கவே இந்த இரண்டாவது தாள். வெட்டிய வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பரப்பி, அதன்மேல் மீனை வையுங்கள். 1 தேக்கரண்டி கறித்தூளையும் உப்பையும் கட்டியாகக் கரைத்த பழப்புளியில் குழைத்து மீனில் பூசி, பொதியாக மடித்து, 180 பாகை சூட்டில் 15 தொடக்கம் 20 நிமிடம் வையுங்கள். பொதியைத் திறக்கும்போது அடியில் ஊறி நிற்கும் சாறே குழம்பு. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மீன்குழம்பின் ருசி வரும். விருந்தினர் வரும் நாளில் ஆளுக்கொரு பொதியாகச் செய்து வைத்தால் வேலையும் குறைவு.

3. சொதி. இடியப்பத்துக்குச் சொதி இல்லாமல் எமக்கு முடியாது. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை நீரில் நன்றாக அவியவிட்டு, பின்னர் அளவாகத் தேங்காய்ப்பால் சேர்த்துச் சொதியை முழுமையாக முடித்துவிடுங்கள். கடைசியாகவே மீனைப் போட வேண்டும். கொதிப்பைக் குறைத்து, பெரிய துண்டுகளாக இட்டு, மூடி, 5 நிமிடம் விட்டால் போதும். அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். இறக்கிய பின்பே தேசிப்புளி. தேங்காய்ப்பாலில் நிறைகொழுப்பு உள்ளதால் கட்டிப்பாலைக் குறைத்து, இரண்டாம் பாலின் தன்மையில் வைப்பது நல்லது.

4. நீராவியில் அவித்தல். இடியப்பம் அவிக்கும் பாத்திரமே போதும். ஆழமான ஒரு தட்டில் மீனை வைத்து, மெல்லிதாகச் சீவிய இஞ்சி, உள்ளி, மிளகு, கறிவேப்பிலை தூவி 8 தொடக்கம் 10 நிமிடம் அவியுங்கள். தட்டில் சேரும் சாற்றைக் கஞ்சியிலோ குழைசாதத்திலோ விட்டுக்கொள்ளலாம். பல் குறைந்த முதியவர்களுக்கும், காய்ச்சலில் கிடந்து எழும்பியவர்களுக்கும் மிகவும் ஏற்றது. சின்னப்பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கும்போது விரலால் உதிர்த்து முள் பார்த்தே கொடுக்க வேண்டும்.

5. ரின் சால்மன் வறை. சுறா வறை செய்யத் தெரிந்தவருக்கு இது கைவந்த கலை. ரின்னில் உள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். 2 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மீனை உதிர்த்துப் போட்டு, மஞ்சளும் மிளகும் சேர்த்து, 2 மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ தூவி 5 நிமிடம் கிளறி இறக்குங்கள். ரின்னில் ஏற்கனவே உப்பு உண்டு. ஆகவே உப்புப் போட வேண்டாம். ரின்னில் உள்ள முள் மெத்தென்று அவிந்திருக்கும். அதை எறியாமல் நசித்துச் சேர்த்தால் கல்சியம் கிடைக்கும். மிஞ்சியதை மறுநாள் பாணுக்குள் வைத்துப் பிள்ளைகளின் மதியப் பெட்டிக்கு அனுப்பலாம். வெயில் நாட்களில் பெட்டிக்குள் ஐஸ் பொதி ஒன்றையும் மறவாமல் வையுங்கள்.

எந்த முறையானாலும் ஓர் அடையாளம் பொது. முள்ளுக்கரண்டியால் தொட்டதும் தசை இதழ் இதழாகப் பிரிந்தால் மீன் வெந்துவிட்டது. வெள்ளையாக ஒரு திரவம் நிறையக் கசிந்து உறைந்தால் அது கெட்டுப்போன அடையாளம் அல்ல. மீனில் உள்ள புரதம் அது. சூடு கூடிவிட்டது, அடுத்த முறை சற்று முன்னதாக இறக்குங்கள் என்பதே அதன் பொருள். அதேபோல, சமைக்க முன்னர் தேசிக்காய்ப் புளியில் மணிக்கணக்காக ஊறவைக்க வேண்டாம். புளியே தசையை இறுக்கி வெளிறச் செய்துவிடும்.

கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும்

இதை எல்லாக் குடும்பங்களும் கவனமாக வாசிக்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறா கொடுப்பது எமது பரம்பரை வழக்கம். மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வரும் அம்மாமார் முதலில் தேடுவதும் சுறாவைத்தான். ஆனால் சுறா போன்ற பெரிய, நெடுநாள் வாழும் மீன்களின் உடலில் பாதரசம் சேர்கின்றது. கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கலாம்.

ஆகவே கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்போரும் சுறாவை இரண்டு கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் உண்ணக்கூடாது, உண்டால் அந்த இரண்டு கிழமையிலும் வேறு மீன் உண்ணக்கூடாது என்பது அவுஸ்திரேலிய நியூசிலாந்து உணவுத்தர நிறுவனத்தின் ஆலோசனை. ஆறு வயது வரையான சிறுவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். ஏனையோர் கிழமைக்கு ஒரு தடவை உண்ணலாம், அந்தக் கிழமை வேறு மீன் உண்ணாமல் இருந்தால். மெல்பேர்ணில் 'ஃபிளேக்' என்ற பெயரில் சிப்ஸுடன் பொரித்து விற்கப்படுவதும் சுறாதான் என்பதைப் பலர் அறிவதில்லை.

சால்மனில் பாதரசம் மிகக் குறைவு. கர்ப்பிணிகளும் கிழமைக்கு 2, 3 தடவை அதை உண்ணலாம். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. அதில் கிடைக்கின்றது. எனவே கர்ப்பிணி மகளுக்கு அம்மா ஆசையோடு செய்யும் சுறா வறையை, அதே கைப்பக்குவத்தில், சால்மன் வறையாக மாற்றிக் கொடுங்கள். வழக்கமும் நிற்கும், பிள்ளைக்கும் பாதுகாப்பு. பிள்ளை பெற்ற பின்னரும் சுறாவைக் கிழமைக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே நேரம், கர்ப்பிணிகள் புகையூட்டிய சால்மனையும், சூஷி போன்ற பச்சை மீனையும் தவிர்க்க வேண்டும். லிஸ்ரீரியா என்ற பக்ரீரியா அவற்றில் இருக்கக்கூடும். அது வயிற்றில் உள்ள சிசுவுக்கே ஆபத்தாக முடியலாம். நன்றாகச் சமைத்த மீனும் ரின்மீனும் பயமில்லை.

ஏனையோருக்கும் சில குறிப்புகள். பச்சை மீனை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். இல்லாவிடில் உறைநிலையில் வையுங்கள். உறைந்த மீனை மேசையில் வைத்து இளக்காமல் முதல்நாள் இரவே குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கோடை காலத்தில் மீன்சந்தைக்குப் போகும்போது காரில் ஐஸ் பெட்டி ஒன்று இருக்கட்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மீன் உண்ணப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மீன் எண்ணெய்க் குளிசைகளைத் தாமாகவே வாங்கி விழுங்காமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும். குளிசையை மீனுக்குப் பதிலாக எண்ணுவதும் சரியல்ல.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

விலை கூட என்பார்கள். உண்மைதான். பச்சைச் சால்மன் இன்று கிலோ 30 டொலருக்கு மேல் விற்கின்றது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் என்பது எல்லோருக்கும் கட்டாது. ஆகவே ஒரு நாள் பச்சைச் சால்மன், மற்ற நாள் ரின் சால்மன் அல்லது ரின் சாளை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். மீன்கடைகளில் சால்மன் தலையும் நடுமுள்ளும் மலிவாகக் கிடைக்கும். தலைக்குழம்பின் அருமையை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பண்ணை மீன் கூடாது என்று சிலர் சொல்கின்றனர். இதில் நேர்மையாகப் பேச வேண்டும். பண்ணைச் சால்மனுக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் தீனியில் சேர்க்கப்படும் அஸ்ரசாந்தின் என்ற நிறமியால் வருகின்றது. கடலில் இயல்பாக வளரும் சால்மனும் சிறு கூனிகளிலிருந்து இதே வகை நிறமியைத்தான் பெறுகின்றது. உண்பவரின் உடலுக்கு அதனால் கேடு இல்லை. ஆனால் சுற்றாடல் பற்றிய கேள்விகள் நியாயமானவை. தஸ்மேனியாவின் மக்குவாரித் துறைமுகத்தில் மட்டுமே காணப்படும் மொஜியன் என்ற அரிய திருக்கை இனம் அழிவின் விளிம்பில் இருப்பதற்குச் சால்மன் பண்ணைகளும் ஒரு காரணம் என்ற விவாதம் ஆண்டுக்கணக்காக நடக்கின்றது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஸ்மேனியாவின் தென்கிழக்குப் பண்ணைகளில் நோய் பரவிப் பெருந்தொகை மீன்கள் மடிந்தன. இவை மனதை உறுத்துபவர்கள் ரின் சால்மனை வாங்கலாம். அது பெரும்பாலும் அலாஸ்காப் பக்கக் கடலில் பிடிக்கப்படும் மீன். ரின்னில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். ரின் சாளையும் நல்ல மாற்று.

வீடெல்லாம் மணக்கும் என்பது அடுத்த முறைப்பாடு. அடுக்குமாடி வீடுகளில் இது பெரிய பிரச்சினையே. பொரிப்பதை விட்டாலே பாதி மணம் போய்விடும். ஓவன் பொதியும் நீராவியும் மணத்தை அடக்குபவை. கராஜிலோ பின்வளவிலோ அடுப்பு வைத்திருப்போர், பார்பிகியூ தட்டில் தாளோடு பொதியை வைத்துச் சமைக்கலாம்.

சைவ உணவாளர்கள் இதைப் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆளிவிதை, வோல்நட், கனோலா எண்ணெய் ஆகியவற்றில் வேறு வகை ஒமேகா-3 உண்டு. உடல் அதில் சிறிதளவையே டி.எச்.ஏ.யாக மாற்றிக்கொள்ளும் என்றாலும் பயன் இல்லாமல் இல்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் குளிசைகளும் இப்போது கிடைக்கின்றன. விரும்புவோர் வைத்தியருடன் பேசி முடிவு செய்யலாம்.

இனி என்ன செய்யலாம்?

எமது சமூக ஒன்றுகூடல்களையும் விழாக்களையும் எண்ணிப் பாருங்கள். மேசையில் ரோல்ஸ், கட்லட், வடை, பொரித்த மீன், ஆட்டிறைச்சிக் கறி, அத்துடன் இரண்டு வகைச் சோறு. வயது வந்தவர்களில் பலர் மாத்திரைப் பையோடு வருகின்ற அதே மண்டபத்தில் இதைத்தான் பரிமாறுகிறோம். பாரம்பரிய உணவை விட்டுவிட வேண்டும் என்பதல்ல எமது வாதம். பொரித்த பதார்த்தங்களில் ஒன்றைக் குறைத்து, ஓவனில் வேகவைத்த மீன் தட்டொன்றை வைத்தால் என்ன? ஒரு முறை வைத்துப் பாருங்கள், முதலில் முடிவது அதுவாகவும் இருக்கலாம். அடுத்த நிகழ்வுகளின் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்போர் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் தொடங்குவதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. வருகின்ற கிழமையில் ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். செவ்வாய், வெள்ளி விரதம் உள்ளவர்கள் புதனையோ வியாழனையோ எடுக்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் பொதி கட்டும் வேலையை அதனிடமே கொடுங்கள். தான் கட்டிய பொதியைப் பிள்ளை மிச்சம் வைக்காது. அம்மம்மா புளி கரைக்க, பேரப்பிள்ளை தாள் மடிக்க, அப்பா ஓவனின் மணியைப் பார்க்க, சமையல் அம்மாவின் தலையில் மட்டும் விழாமல் பகிரப்படும்.

இதயத்தின் குழாய்கள் ஒரே நாளில் அடைபடுவதில்லை. ஆண்டுக்கணக்கான சாப்பாட்டினால் நடப்பது அது. அதைத் தடுப்பதற்கும் அதே போன்று ஆண்டுக்கணக்கான, ஆனால் சின்னச் சின்ன மாற்றங்களே வேண்டும். கிழமையில் இரண்டு நாள் மீன், அதுவும் பொரிக்காத மீன், பக்கத்தில் குறைந்த சோறும் கூடிய மரக்கறியும். இதை இந்த மாதமே தொடங்குவோம்.